கேதார்காந்தா ஜனவரி ட்ரெக்: பனியில் கால் ஈரமாகாமல் நடப்பது எப்படி?

கோவை_நடை

வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்காந்தா மலை ஏறப்போகும் ஆறு பேர் குழுவுக்காகக் கேட்கிறேன். எல்லாருக்கும் வெள்ளியங்கிரி, பர்வதமலை பழக்கம் உண்டு. பனியில் யாரும் நடந்ததில்லை.

வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டும் கால் நனைந்துவிட்டது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது? சாக்ஸ் மேல் பிளாஸ்டிக் கவர் கட்டச் சொல்கிறார்கள், அது சரியா? இன்னொன்று, பனி என்பது உறைந்த தண்ணீர்தானே. மைனஸ் டிகிரியில் அது எப்படி நனைக்கும்?

பனிக்கோடு

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மைனஸ் டிகிரியில் கிடக்கும் பனி யாரையும் நனைக்காது. ஷூ மேல் விழுந்தால் மாவு மாதிரி உதறிவிடலாம். அதை நனைக்கும் பொருளாக மாற்றுவது உங்கள் காலின் சூடும் பகல் வெயிலும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

கால் ஈரமாவதற்கு வழிகள் மூன்று. முதலாவது மேல்வாய்: கணுக்கால் விளிம்பு வழியாகப் பனி உள்ளே கொட்டி, சாக்ஸில் உருகுகிறது. இரண்டாவது உள்ளிருந்து வரும் வியர்வை. மூன்றாவதுதான் ஷூவின் தோலையும் தையலையும் தாண்டி வரும் தண்ணீர். எல்லாரும் காசு செலவழிப்பது மூன்றாவதற்கு. கேதார்காந்தா மாதிரி ஐந்தாறு நாள் பயணத்தில் முதல் இரண்டும்தான் பெரும்பாலும் காலை நனைக்கின்றன.

மேல்வாய் வழியாகப் போவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒரு கைப்பிடிப் பனி, 30 கிராம் என்று வைப்போம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். 30 கிராமுக்குச் சுமார் 10,000 ஜூல். உங்கள் பாதம் 5 வாட் சூடு கொடுக்கிறது என்று வைத்தால், அரை மணி நேரத்துக்கு மேல் அது தரும் சூடு முழுவதும் அந்த ஒரு கைப்பிடிப் பனியை உருக்கவே போய்விடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது 30 மில்லி தண்ணீர் குடித்த சாக்ஸ். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிர் இரண்டு முறை அடிக்கிறது.

அதனால் மறுபேச்சே இல்லாமல் முதலில் வாங்க வேண்டியது கெய்ட்டர், அதாவது ஷூவின் வாயை மூடி முழங்காலுக்குக் கீழேவரை காலைச் சுற்றும் உறை. சாங்க்ரியில் வாடகைக்கே கிடைக்கும்.

இன்னொரு விஷயம், ஒரே நாளில் நீங்கள் இரண்டு விதப் பனியில் நடப்பீர்கள். உச்சி ஏறும் நாளில் விடியலுக்கு வெகு முன்னே கிளம்புவார்கள். அந்நேரப் பனி உலர்ந்தது, மிதித்தால் கிரீச்சென்று சத்தம் கேட்கும். பத்து பதினொரு மணிக்கு இறங்கும்போது அதே பாதையில் வெயில் பட்டு ஈரம் ஊறியிருக்கும். சோதிக்க எளிய வழி: கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர்பனி. உருண்டை நன்றாகப் பிடித்தால் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் ஷூவின் வெளித்தோலுக்கு உண்மையான சோதனை அப்போதுதான். நனைவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

முகில்நூல்

"உறைந்த தண்ணீர்தானே" என்ற வரியில் ஒரு திருத்தம். ஃப்ரீசர் ஐஸ் உறைந்த தண்ணீர். ஆலங்கட்டியும் அப்படியே. வானிலிருந்து விழும் வெண்பனி பெரும்பாலும் ஆவியிலிருந்து நேராகப் படிகமாக வளர்ந்தது. நடுவில் தண்ணீராக நிற்பதில்லை. இது வெறும் ஏட்டு விவரம் இல்லை, உங்கள் ஷூவுக்குள் நடப்பதும் இதேதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து தாழ்வழுத்தச் சுழல்கள் மேல்காற்றோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்து வரும். வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. உத்தராகண்ட், இமாச்சல், காஷ்மீர் மலைகளின் குளிர்காலப் பனிக்கு முக்கியக் காரணம் இவைதான். ஈரக்காற்றை மலை மேலே தள்ளுகிறது. மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்ந்து மேகத்துளிகள் உண்டாகின்றன. ஒரு துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு.

வெப்பம் சுழியத்துக்குக் கீழே போனதும் இந்தத் துளிகள் உறைந்துவிடும் என்று தோன்றும். அப்படி உறைவதில்லை. தூய நீரின் நுண்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே தாக்குப்பிடிக்கும். அதற்கு முன் உறைய வேண்டுமானால் ஒட்டிக்கொள்ள ஒரு கரு வேண்டும். பாலைவனத்திலிருந்து வந்த களிமண் தூசி, இலைகளில் வாழும் சிலவகை பாக்டீரியா என்று ஏதாவது ஒன்று. அப்படிப்பட்ட கரு அரிது. அதனால் மேகத்துக்குள் ஏராளமான மீக்குளிர் துளிகளுக்கு (சுழியத்துக்குக் கீழும் உறையாதவை) நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனிப்படிகம் பிறக்கிறது.

இங்கேதான் சூட்சுமம். மைனஸ் 15 டிகிரியில் நீர்த்துளிக்குச் சரிசமமாக இருக்கும் ஈரப்பதம், பனிப்படிகத்துக்கு 15 சதவீதம் மிகை. ஆகவே படிகம் ஆவியை இழுத்து வளர்ந்துகொண்டே போகும், காற்று உலரும், சுற்றியிருக்கும் துளிகள் ஆவியாகி மெலியும். கண்டப் பெயர்ச்சியைச் சொன்ன அதே ஆல்ஃபிரட் வெகெனர் 1911ல் இதைக் கோடிகாட்டினார். 1930களில் டோர் பெர்ஜெரான் மழைக்கும் பனிக்கும் பொருத்தி விளக்கினார்.

படிகம் ஏன் ஆறு கை கொள்கிறது என்றால், நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோண வலையாக அடுக்கிக்கொள்வதால். முனைகள் ஈரக்காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே ஆவி அதிகம் படிகிறது, கிளை விடுகிறது. வடிவத்தை முடிவு செய்வது வெப்பமும் ஈரமும். சுழியத்தை ஒட்டினால் தட்டுகள், மைனஸ் 5 அருகே ஊசிகள், மைனஸ் 15 அருகே நாம் படங்களில் பார்க்கும் பெரணி போன்ற நட்சத்திரங்கள். அமெரிக்காவின் வெர்மாண்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885லேயே படிகத்தை நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்தார். ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நாகாயா 1936ல் குளிர்ந்த ஆய்வறையில் முயல்முடி நுனியில் படிகம் வளர்த்து, எந்த வெப்பத்தில் எந்த வடிவம் என்று வரைந்து காட்டினார்.

நடப்பவருக்கு இதில் என்ன? நட்சத்திரப் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கி, நடுவில் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு விழுகின்றன. 10 செ.மீ. புதுப்பனியை உருக்கினால் சுமார் 1 செ.மீ. தண்ணீர்தான் வரும். கால் முழங்கால்வரை புதைவது அதனால்தான். சுழியத்தை ஒட்டி விழும் பனி திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், கனமானது, விழும்போதே பாதி நனைந்தது. பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ரகம்.

இப்போது ஷூவுக்குள் பாருங்கள். உள்ளே 30 டிகிரி, ஈரம். வெளித்தோலில் மைனஸ் 5. நடுவே சாக்ஸ். ஆவி சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நகர்ந்து, எங்கே போதுமான குளிர் கிடைக்கிறதோ அங்கே படியும். விரல் முனைக்கு மேலே ஷூவின் உட்பக்கத்தில் நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய வெண்துகள் தெரியும். அது மேகத்தில் நடப்பதன் சிறிய நகல். காலையில் கால் விட்டதும் அது தண்ணீர்.

நீலகிரி_புல்

முகில்நூல் சார் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், நம் பக்கத்தில் குழப்பம் நிறைய. தமிழில் பனி என்ற ஒரே சொல்லை இலையில் நிற்கும் துளிக்கும், காலை மூட்டத்துக்கும், இமயமலையில் விழுவதற்கும் சொல்கிறோம். முன்பனி, பின்பனி என்ற பருவங்கள் குறிப்பது முதலாவதை.

ஊட்டி தலைகுந்தாவில் டிசம்பர், ஜனவரியில் புல் வெளுத்துக் கிடப்பதை "பனி பொழிந்தது" என்று செய்தியில் எழுதுகிறார்கள். அது பொழியவில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுழியத்துக்குக் கீழே குளிர்கிறது. ஒட்டியிருக்கும் காற்றின் ஆவி அதன்மேலேயே படிகமாகிறது. அது உறைபனி. பொழிவதற்கு மேகம் வேண்டும், உறைபனிக்கு மேகம் இருக்கவே கூடாது.

ட்ரெக்கில் இது உதவும். கூடாரத்துக்கு வெளியே விட்ட ஷூவின் மேல் காலையில் வெள்ளைப்படலம் இருந்தால் இரவு பனி பெய்தது என்று அர்த்தமில்லை. தெளிந்த வானத்து இரவில் எதை வெளியே வைத்தாலும் அது படியும். ஷூவை உள்ளே எடுத்து வையுங்கள்.

கோவை_நடை

ரொம்ப நன்றி. கெய்ட்டரை எப்படி மாட்டுவது? பேன்ட் உள்ளேயா, வெளியேயா? ஷூவுக்கு அடியில் மாட்டும் பல்லான மைக்ரோஸ்பைக் அதற்கு மேலேயா?

சாங்க்ரி_வழி

வாடகைக் கெய்ட்டர் வாங்கும்போதே மூணு இடம் பாருங்க. பாதத்துக்கு அடியில் போகும் பட்டை, முன்னால் லேஸில் மாட்டும் கொக்கி, மேலே முழங்காலுக்குக் கீழே இறுக்கும் நாடா. அடிப்பட்டை பல பேர் காலில் தேஞ்சு நூலா இருக்கும், அதுதான் முதல்ல அறும். ஒரு மீட்டர் நைலான் கயிறு பையில் போட்டுக்கோங்க. பட்டை அறுந்தா குதிகாலுக்கு முன்னால இருக்கும் பள்ளத்தில் கயிறைக் கொடுத்துக் கட்டிடலாம்.

மாட்டும் முறை: ஷூ லேஸைக் கட்டி முடிச்ச பிறகுதான் கெய்ட்டர். பக்கிள் வெளிப்பக்கம் வரணும். உள்பக்கம் வந்தா இரண்டு பக்கிளும் சிக்கி இறக்கத்தில் தடுக்கி விடும். கொக்கியை லேஸின் கீழ்வரிசையில் மாட்டுங்க, மேல்வரிசையில் மாட்டினா முன்பக்கம் தூக்கிக்கிட்டுப் பனி அள்ளும். அடிப்பட்டை குதிகால் முன்பள்ளத்தில் உட்காரணும். அப்புறம் முன்பக்க வெல்க்ரோவைக் கீழேயிருந்து மேலே ஒட்டுங்க. மேல்நாடாவை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்க.

பேன்ட் விஷயம். பனியில் பேன்ட் உள்ளே, கெய்ட்டர் வெளியே. மழை பெய்யும்போது அதே வரிசை தப்பு. பேன்டில் வழியும் தண்ணி நேரா கெய்ட்டருக்குள்ள இறங்கும். மழைன்னா மழைப்பேன்டைக் கெய்ட்டருக்கு வெளியே விடணும்.

மைக்ரோஸ்பைக் கடைசியா, கெய்ட்டரோட கீழ்விளிம்புக்கு மேல. சைஸ் சின்னதா கொடுத்தா அந்த ரப்பர் விரல்பக்கத்தை அமுக்கும், இரத்தம் போகாது, கால் உலர்ந்திருந்தாலும் மரத்துப்போகும். கையில் வாங்கின உடனே சாங்க்ரியிலேயே மாட்டிப் பத்து நிமிஷம் நடந்து பாருங்க. பகலில் ஈரப்பனி ஸ்பைக்குக்கு அடியில் கட்டியா உருண்டு சேரும். கம்பால தட்டி விட்டுக்கிட்டே இறங்கணும். தட்டாம விட்டா பல்லு தரையைத் தொடாது.

ஒரு பழக்கம் மட்டும் எல்லாரும் கடைப்பிடிங்க. கூடாரத்துக்குள்ள நுழையும் முன்னால ஷூ, கெய்ட்டர் மேல ஒட்டியிருக்கும் பனியை ஒரு பழைய பல்துலக்கி வைத்துத் துடைச்சிடுங்க. லேஸ் இடுக்கும் நாக்கு மடிப்பும் முக்கியம். உள்ளே போனதும் உருகுவது அதுதான்.

தோல்_தையல்

ஷூவைப் பற்றி. கிளம்ப ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனைகளை வீட்டில் முடித்துவிடுங்கள்.

அடிப்பகுதி முதலில். நிறைய ட்ரெக்கிங் ஷூக்களில் மிதியடிக்கும் மேல்தோலுக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல உதிரும் பொருள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் பெட்டிக்குள் நாலைந்து வருடம் கிடந்த ஷூ பார்க்கப் புதுசாக இருக்கும், பனியில் இரண்டாம் நாள் அடிப்பகுதி மொத்தமாகக் கழன்று வரும். கட்டைவிரல் நகத்தால் அந்த நுரையை அழுத்துங்கள். குழி எழும்பி வராமல் நின்றாலோ, விரிசல் விட்டாலோ, பிசுபிசுத்தாலோ அந்த ஷூவைக் கொண்டுபோகாதீர்கள். பசை போட்டு ஒட்டியும் பயனில்லை, ஒட்டப்படும் நுரையே செத்துவிட்டது.

அடுத்தது வாளிச் சோதனை. ஷூவுக்குள் உலர்ந்த செய்தித்தாளைத் திணியுங்கள். வாளியில் தண்ணீர் விட்டு, ஷூவை நிறுத்தி, நாக்கு மடிப்பு எந்த உயரம்வரை தைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு ஒரு விரல் கீழேவரை தண்ணீர் நிற்கும்படி 20 நிமிடம் வையுங்கள். எடுத்துத் துடைத்துவிட்டுத் தாளைப் பிரித்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் நனைந்ததோ அங்கே ஓட்டை. எங்குமே நனையவில்லை என்றால், மலையில் சாக்ஸ் ஈரமானாலும் ஷூவைக் குறை சொல்ல முடியாது. அது வியர்வை, அல்லது மேல்வாய்.

நாக்கு மடிப்பு என்று சொன்னேன், அதைக் கடையில் யாரும் காட்டமாட்டார்கள். நாக்கின் இருபுறமும் ஷூவோடு துணி சேர்த்துத் தைத்திருப்பார்கள். சில ஷூவில் அது கணுக்கால்வரை வரும், மலிவானவற்றில் பாதியிலேயே நின்றுவிடும். "முழு வாட்டர்ப்ரூஃப்" என்ற அட்டை என்ன சொன்னாலும், அந்தத் தையல் முடிகிற உயரம்தான் உங்கள் ஷூவின் உண்மையான தண்ணீர் மட்டம்.

சவ்வு உள்ள ஷூக்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு, தண்ணீரைத் தடுத்து ஆவியை விடும். 1969ல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து வந்தது. ஆனால் அது ஆவியை வெளியே உறிஞ்சும் பம்பு இல்லை. உள்ளே ஆவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி போகும். வெளித்துணி தண்ணீர் குடித்துக் கறுத்துவிட்டால் வழி அடைபட்டது. உள்ளே வியர்வை தேங்கும், "ஷூ ஒழுகுகிறது" என்று தோன்றும். அதனால் வெளித்துணியில் தண்ணீர் ஒட்டாத பூச்சு உயிரோடு இருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். முத்தாக உருண்டால் நல்லது. கறுப்பாகப் பரவினால் வெதுவெதுப்பான நீரில் பிரஷ்ஷால் மண்ணைக் கழுவி, சோப்பு எச்சம் இல்லாமல் அலசி, ஈரமாக இருக்கும்போதே நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். முழுத்தோல் ஷூ என்றால் தேன்மெழுகு. விரல்நுனித் தையல், பக்கவாட்டு மடிப்பு இரண்டிலும் கட்டைவிரல் சூட்டால் அழுத்தித் தேயுங்கள். அங்கேதான் தோல் மடங்கி மடங்கிப் பூச்சு முதலில் போகும்.

அளவு: மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். விரலை முன்னால் முட்டவைத்து, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கமான ஷூவில் மூன்று சாக்ஸ் திணிப்பதைவிட, இடமுள்ள ஷூவில் ஒரே கம்பளிச் சாக்ஸ் சூடாக இருக்கும்.

பனிக்கோடு

பிளாஸ்டிக் கவர் கேள்வி பாக்கி இருக்கிறது. "போடு" என்பவர்களும் "போடவே போடாதே" என்பவர்களும் வேறு வேறு பிரச்சினைக்குப் பதில் சொல்கிறார்கள். கவர் எந்த அடுக்கில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் வேலையே மாறிவிடும்.

ஷூ ஒழுகிவிட்டது, வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால், கவர் கம்பளிச் சாக்ஸுக்கு வெளியே. கால், சாக்ஸ், கவர், ஷூ என்பது வரிசை. இது முதலுதவி. சில மணி நேரத்தில் வியர்வை சாக்ஸை உள்ளிருந்தே நனைத்துவிடும், ஆனாலும் பனிக்கட்டித் தண்ணீரில் ஊறுவதைவிட மேல்.

கடுங்குளிரில் பல நாள் நடக்கிறீர்கள், வியர்வை கம்பளியில் ஏறி உறைந்துவிடக் கூடாது என்றால், கவர் உள்ளே வர வேண்டும். மெல்லிய பாலியெஸ்டர் உள்சாக்ஸ், அதன் மேல் கவர், அதன் மேல் கம்பளி, பிறகு ஷூ. பாதம் பிசுபிசுவென்று இருக்கும், கம்பளி முழு நாளும் உலர்ந்தே இருக்கும். முகில்நூல் சொன்ன ஆவி நகர்வை வாசலிலேயே நிறுத்துகிறோம். துருவப் பயணங்களில் இதைச் செய்வார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு இரவும் பாதத்தைத் துடைத்து முழுதாக உலரவிட வேண்டும். விட்டுவிட்டால் தோல் வெளுத்து ஊறிக் கொப்புளமாகும்.

கேதார்காந்தாவில் ஜனவரிப் பகலில் வெயில் அடித்தால் ஏற்றத்தில் நன்றாகவே வியர்க்கும். அங்கே உள்கவர் போட்டு நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழக்கமில்லாதவர்கள் முதல் தடவையாக அங்கே போய் முயல வேண்டாம். இரண்டு ஜோடி தடித்த பால் கவர் அல்லது ரொட்டிக் கவர் பையில் இருக்கட்டும், ஒழுகல் வந்தால் வெளிக்கவராகப் போடலாம்.

சாக்ஸ் கணக்கு: நடக்க இரண்டு ஜோடி கம்பளி, மெல்லிய உள்சாக்ஸ் இரண்டு ஜோடி, தூங்க மட்டும் ஒரு ஜோடி. தூங்கும் ஜோடியை எந்தக் காரணத்துக்காகவும் ஷூவுக்குள் நுழைக்காதீர்கள். பருத்தி சாக்ஸ் ஒன்றுகூட வேண்டாம். பருத்தி தண்ணீரை இழையிலேயே உறிஞ்சித் துவண்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஆவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட ஈரமாகத் தெரியாது, சுருள்வதால் காற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

வியர்வையைக் குறைக்க சாக்ஸைவிட நடைதான் முக்கியம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு மேலாடையைக் கழற்றுங்கள். உடம்பு கொதிக்கும்போது உடல் பாதம் வழியாகவும் சூட்டைத் தள்ளும். தலையில் கம்பளித் தொப்பியோடு ஏறுபவரின் சாக்ஸ்தான் முதலில் நனைகிறது.

கோவை_நடை

இவ்வளவு செய்தும் நனைந்துவிட்டால் முகாமில் எப்படிக் காயவைப்பது? தீ மூட்டி?

சாங்க்ரி_வழி

தீ வேண்டவே வேண்டாம். அந்தப் பாதை கோவிந்த் வனவிலங்குக் காப்பகப் பகுதி, காட்டு மரத்தை வெட்டி மூட்டுவது தப்பு. ஷூவுக்கும் கேடு. வெளிப்பக்கம் தோல் சுருங்கி வெடிக்கும், அடிப்பசை இளகும், உள்ளே பார்த்தா ஈரம் அப்படியே இருக்கும்.

முகாம் வந்த உடனே, டீ குடிக்கறதுக்கு முன்னாடி, ஷூவைக் கழற்றுங்க. லேஸை முழுசா தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து விடுங்க. உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதான் இன்சோலை, எடுத்துடுங்க. ஈரத்தில் பாதி அதுக்கு அடியில்தான் இருக்கும், இதை நிறையப் பேர் செய்யறதே இல்ல. இன்சோலை ஜாக்கெட்டுக்குள்ள முதுகுப்பக்கம் வைத்துக்கிட்டா சாப்பாடு முடியறதுக்குள்ள காஞ்சிடும். வெயில் இருந்தா ஷூவைச் சூரியனைப் பார்க்க வாயைத் திறந்து, கல்லு மேல வைங்க, பனி மேல வேண்டாம்.

செய்தித்தாள் இருந்தா கசக்கித் தளர்வா திணிச்சு, அரை மணிக்கு ஒரு தடவை மாத்துங்க. ஒரே தாளை ராத்திரி முழுக்க விட்டா அதுவே ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கும்.

படுக்கப் போறப்போ, மூடி நல்லா இறுகும் அலுமினிய பாட்டிலில் வெந்நீர் வாங்கி, ஒரு சாக்ஸுக்குள்ள நுழைச்சு, முதல்ல ஒரு ஷூவுக்குள்ள இருபது நிமிஷம், அடுத்ததில் இருபது நிமிஷம். அப்புறம் அதே பாட்டில் ஸ்லீப்பிங் பேக்குள்ள கால்மாட்டுக்கு. ஷூ இரண்டையும் தடித்த கவரில் கட்டி ஸ்லீப்பிங் பேக் அடியில், கால்பக்கம் வைங்க. வெளியே விட்டா விடியறப்போ இரும்பா இருக்கும், கால் நுழையாது.

ஈர சாக்ஸை நல்லா பிழிஞ்சு, உதறி, ஒரு ஜோடி மட்டும் வயித்து மேல வைச்சுத் தூங்குங்க. மூணு நாலு ஜோடி உள்ளே போட்டா அந்த ஈரமெல்லாம் ஸ்லீப்பிங் பேக்கோட இறகுக்குள்ள ஏறி, அது கட்டி தட்டிச் சூட்டை விட்டுடும்.

பாதம்_மருந்து

யாரும் தொடாத பகுதி ஒன்று இருக்கிறது: ஈரமான காலில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது.

மைனஸ் வெப்பம் இல்லாமலேயே ஈரக்கால் கெடும். சுழியத்துக்கு மேல் 15 டிகிரிக்குள் பல மணி நேரம் நனைந்த சாக்ஸில் இருந்தால் நரம்பும் நுண்குழாய்களும் பாதிக்கப்படும். முதலில் மரமரப்பு, பாதம் வெளுத்துச் சுருக்கம், பிறகு சூடேறும்போது சிவந்து எரியும் வலி. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அங்கே பலன் தந்தது சாக்ஸ் மாற்றுவதும் பாதத்தைத் தினமும் உலர்த்துவதும்தான்.

சதையே உறைவதால் வரும் உறைகாயத்தின் தொடக்கத்தைப் பாடநூல்கள் "வெளுப்பு" என்று எழுதுகின்றன. நம் நிறத்தில் அது சாம்பல் பூத்தது மாதிரி, மெழுகு மாதிரி தெரியும். கண்ணைவிடத் தொடு உணர்வை நம்புங்கள். வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்காமல் போனால் அது நல்ல சேதி இல்லை, உடனே நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். இன்னொருவர் வயிற்றிலோ அக்குளிலோ வைத்துச் சூடேற்றலாம். பனியால் தேய்க்கவே கூடாது, கையாலும் தேய்க்கக் கூடாது. விரல் கட்டையாக உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி நீரில் வைத்து இளக்க வேண்டும், ஆனால் மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்துக்குப் போன பிறகே. இளகி மறுபடி உறைந்தால் சேதம் பலமடங்கு.

மலை உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க: அந்த மாத்திரையே விரல்நுனிகளில் சுள்சுள்ளென்று ஊசி குத்துவது போல இருக்கச் செய்யும். அதைக் குளிர் என்று நினைத்துப் பயப்படுவதும் உண்டு, குளிரை மாத்திரை என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு. மாத்திரையின் சுள்சுள்ளில் விரல் சூடாகவும் நிறம் மாறாமலும் இருக்கும். சந்தேகம் வந்தால் கழற்றிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

குழுவில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலி எச்சரிக்கை அவருக்கு வராது. ஒவ்வொரு ஓய்விலும் மற்றவர் ஒருவர் அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். புகைப்பவர்களுக்குக் காலின் இரத்தக்குழாய் சுருங்கும், அந்த ஐந்து நாளாவது நிறுத்தினால் விரலுக்கு நல்லது.

நீலகிரி_புல்

பாதம்_மருந்து சொன்னதும் ஞாபகம் வந்தது. வாட்டர்ப்ரூஃப் எல்லாம் வருவதற்கு முன்பே பனி ஊர்க்காரர்கள் வியர்வையைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள். காஷ்மீரில் நெல் வைக்கோலைப் பின்னிப் புலஹோர் என்ற செருப்பு செய்தார்கள். வடதுருவப் பக்கத்துச் சாமி மக்கள் சாக்ஸுக்குப் பதிலாக ஒருவகைக் கோரைப்புல்லைக் கசக்கி மான்தோல் காலணிக்குள் திணித்தார்கள். இரவில் புல்லை வெளியே எடுத்து உதறிக் காயவைத்து மறுநாள் திரும்பவும் போடலாம். கழற்றி உலர்த்தக்கூடிய உள்ளடுக்கு, அவ்வளவுதான் விஷயம்.

கோவை_நடை

கடைசியாக ஒன்று. லடாக்கின் சன்ஸ்கார் உறைநதி நடையில் கம்பூட் (உயரமான ரப்பர் காலணி) போடுகிறார்களே, அதையே கேதார்காந்தாவுக்கும் போட்டால் என்ன?

தோல்_தையல்

சாதர் என்று சொல்லும் அந்த உறைநதி நடை முழுக்க ஆற்றின் மேல். பனிக்கட்டி உடைந்தால் கணுக்கால் தண்ணீர், ஏற்றம் குறைவு. அங்கே ரப்பர் சரி. கேதார்காந்தாவில் சாங்க்ரி சுமார் 6,400 அடி, உச்சி சுமார் 12,500 அடி. செங்குத்து இறக்கத்தில் கம்பூட்டுக்குள் குதிகால் வழுக்கும், விரல் முன்னால் போய் முட்டும், நகம் கறுக்கும். ரப்பர் ஆவியைத் துளியும் விடாது என்பதால் மதியத்துக்குள் உள்ளே பிழியலாம். முகாமைச் சுற்றி நடக்க யாராவது கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு, உயரக் கழுத்துள்ள ஷூவும் கெய்ட்டரும்.

லேஸ் கட்டும்போது விரல்பக்கம் தளர்வாக விட்டு, பாதம் மடங்கும் இடத்தில் இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டுப் பூட்டி, அதற்கு மேலே மட்டும் இறுக்குங்கள். இறங்கத் தொடங்கும் முன் உச்சியிலேயே ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள், அப்போது கையுறையைக் கழற்றாமல் கட்ட முடிகிறதா என்பதை வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள். தட்டையான லேஸைவிட உருண்டை லேஸ் உறைந்த பிறகும் அவிழும்.